இல்லாத டைம் அவுட்

— கிழங்கை அப்புறம் உரிக்கலாம், டோரீன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இங்க வா.

— கையில கத்தி இருக்கு. நீயே படி, கோர்டன். காது சும்மாதான் இருக்கு.

— இருபது கடுதாசி. எல்லாம் காலேஜ் டைரக்டருக்கு வந்தது. இருபத்தொம்பது வருஷமா லாக்ரோஸ் ஆட்டத்துக்குக் கோச்சா இருக்கிற என்னை வீட்டுக்கு அனுப்புங்கன்னு எவனோ எழுதியிருக்கான்.

— எவளோவாவும் இருக்கலாம்.

— ஏன் சொல்றே?

— சும்மா. படி.

— "பிப்ரவரியில் பையன்களோடு சேர்ந்து அவரும் மைதானத்துப் பனியை வாரிக் கொட்டுகிறார். தலையில் தொப்பி இல்லை." ஒரு கோச்சைத் தூக்க இது ஒரு காரணமா?

— எனக்கு நியாயமாத்தான் படுது.

— "நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை இல்லாமலே வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறார்." மாத்திரை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி இருக்கிறது ஊர்ல யாருக்குத் தெரியும்?

— ஒளிச்சா வச்சே? மறந்துட்டேன்னுல்ல சொன்னே.

— "தோற்றால் மூன்று நாள் பேசுவதில்லை. ஜெயித்தால் நாலு நாள் வாயை மூடுவதில்லை. இரண்டும் தாங்கவில்லை."

— அது எழுதுறப்போ கொஞ்சம் கோவத்துல இருந்தேன்.

— ஆக, நீதான்.

— கையெழுத்தைக்கூட மாத்தலியே. பேரு மட்டும்தான் போடல.

— ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு தபால்லயா?

— நேர்ல சொன்னா, இந்த சீசன் முடியட்டும்பே. நம்ம பொண்ணு கல்யாணத்துல என்ன பண்ணினே? மாப்பிள்ளையோட தம்பி லாக்ரோஸ் ஸ்டிக் பிடிப்பானான்னு விசாரிச்சே.

— ஆறடி நாலு அங்குலம், டோரீன். தடுத்து ஆடுறதுக்குன்னே பொறந்தவன்.

— பாதிரியார் இன்னும் பேசிக்கிட்டிருந்தாரு. சரி, அது போகட்டும். எனக்குப் பயமா இருக்கு, கோர்டன். ஒரு நாள் உன்னை மைதானத்துலேருந்து தூக்கிட்டு வருவாங்க. அதான் எழுதினேன்.

— பத்தொம்பதையும் டைரக்டர் இழுப்பறையிலேயே போட்டு வச்சிருந்தாராம். படிச்சுச் சிரிப்பாராம்.

— அப்ப இன்னிக்கு எதுக்கு வெளிய எடுத்தாரு?

— இருபதாவது வந்ததால.

— நான் எழுதினது பத்தொம்பதுதான்.

— தெரியும். இது டைப் அடிச்சது. சனிக்கிழமை அரையிறுதியைப் பத்தி.

— ஒரு கோல்ல தோத்தீங்களே, அதுவா? உன் உதவிக் கோச் டெக்லன் ஏதோ சொதப்பிட்டானே.

— "கடைசி முப்பது செகண்ட். ஆட்டம் சமன், பந்து நம் கையில். ஆட்டத்தை இடைநிறுத்தும் டைம் அவுட் மிச்சம் இல்லாதபோது டைம் அவுட் கேட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். போனது. கோல் போட்டார்கள். ஆனால் கேட்டது டெக்லன் இல்லை. கோர்டன்."

— டெக்லன் அவனேதானே பேப்பர்காரங்ககிட்ட நான்தான் கேட்டேன்னு சொன்னான்?

— சொன்னான். அவன் சொல்றப்போ கோச் பக்கத்துல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தாராம். அதுவும் எழுதியிருக்கு.

— அவனை வேலைய விட்டு எடுக்கப்போறாங்கன்னு ஊரே பேசுது. அவன் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் பிரசவம்.

— இனிமே எடுக்க மாட்டாங்க.

— நீயா கேட்டே, கோர்டன்? மிச்சம் இல்லேன்னு தெரியாமயா?

— தெரிஞ்சுதான் இருந்துச்சு. அந்த நேரத்துல மறந்துபோச்சு. ஏப்ரல்ல ஒரு நாள் நம்ம கோல் கீப்பர் பேரே வரல. மூணு வருஷமா நிக்கிற பையன். "ஏய், நீதாம்பா"ன்னு சமாளிச்சேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— தபால்ல போட்டிருக்கணும்.

— சிரிக்க வைக்காதே. கத்தி இருக்கு. பாவம், டெக்லன்தான் எழுதியிருப்பான். எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் பழியைச் சுமப்பான்?

— அவன் எழுத மாட்டான். நான் சொன்னா சுவத்துலகூடப் போய் முட்டுவான்.

— அப்ப வேற யாரு? அடியில பேரு இருக்கா?

— இருக்கு. இருபதுல இது ஒண்ணுலதான் இருக்கு. அதுக்குத்தான் முதல்லயே கண்ணாடியைப் போடச் சொன்னேன். என் கையெழுத்து உனக்கு என்னிக்கு விளங்கியிருக்கு?