வரிசை உட்கார்ந்த நாள்

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேனேஜர் அவர்களே, முன்மேசையில் மகளோடு அமர்ந்திருக்கும் எங்கள் கேப்டனின் கணவரே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் சுவரோரம் நிற்கும் பரிமாறும் தோழர்களே, தோழிகளே, இங்கே சாப்பிட்டதை மறக்காமல் வந்திருக்கும் வாடிக்கையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் சமையலறையின் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை, அடுப்படியில் கத்திப் பழகியவன். மைக் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டி ஆண்ட பெருமாட்டி, பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவி, நாம் எல்லோரும் கேப்டன் என்றே அழைத்த அந்த அம்மா, போன வாரம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யாரைக் கேட்டுப் போனீர்கள் கேப்டன்? நம் சண்டை இன்னும் முடியவில்லையே!

ஆமாம், சண்டைதான். நாங்கள் இருவரும் எலியும் பூனையும். உணவைச் சமையலறையிலேயே தட்டில் அழகாக வைத்து அனுப்பிவிடலாம், சூடும் குறையாது, வேலையும் சுருக்கம் என்பது என் கட்சி. அவர் விடவே மாட்டார். பெரிய தாம்பாளத்தில் கொடுங்கள், நான் மேசைக்குக் கொண்டுபோய், உட்கார்ந்திருப்பவரின் இடப்பக்கம் குனிந்து, கரண்டியையும் முள்கரண்டியையும் ஒரே கையில் பிடித்து, வேண்டிய அளவு வைக்கிறேன் என்பார்.

"என் அலங்காரத்துல என்ன குறை கண்டீங்க?" என்று ஒருநாள் எகிறினேன்.

"அலங்காரம் பிரமாதம் மாஸ்டர். ஆனா அவங்களுக்கு எவ்வளவு பசின்னு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நீங்க முடிவு பண்றீங்களே, அதத்தான் ஒத்துக்க முடியல. போதும்னு சாப்பிடுறவங்க சொல்லணும்."

"அப்ப ஆறிப்போன மீனைச் சாப்பிடட்டும்!"

"நீங்க கத்துற நேரத்துலதான் மாஸ்டர் அது ஆறுது."

என் வாயை அடைத்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இன்னொருத்தி என் வீட்டுக்காரி, பின்மேசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொதிக்கும் தாம்பாளத்தை மடித்த துணியின்மேல் தாங்கித் தாங்கி அவருடைய இடது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கடைசியாக அந்தக் கைகளை எடுத்து மார்பின்மேல் சேர்த்து வைத்தார்கள். அப்போதுதான் நான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேனேஜர் அவர்களே, நெளியாதீர்கள். அதைச் சொல்லாமல் கேப்டனைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது.

போன மழைக்காலத்தில் நிர்வாகம் ஒரு சோதனை செய்தது. எல்லா வேளையும் பஃபே. உணவைச் சுவரோரம் நீளமாக அடுக்கிவிடுவது, வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று தாங்களே போட்டுக்கொள்வது. பரிமாறுகிறவர்கள் எச்சில் தட்டை மட்டும் எடுத்தால் போதும். பஃபே என்றால் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் வண்டி பிடிக்க ஓடுகிறவர்களுக்குக் கேப்டனே அதைத்தான் வைத்தார். எழுந்து எடுக்க விரும்புகிறவர் எடுக்கட்டும், முடியாதவரை எழுப்பாதீர்கள் என்றுதான் அவர் கேட்டார். கேட்டார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில், வாரம் தவறாமல் வரும் நம் ரயில் டிரைவர் ஐயாவும் நின்றார். ஓய்வுபெற்றவர், கை நடுங்கும். இதோ மூன்றாவது மேசையில் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று கேட்டேன், "சத்தமாவே சொல்லுங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, தட்டு கைநழுவி விழுந்தது. சூப் அவர் செருப்பெல்லாம் சிந்தியது. முழு ரயிலையும் ஓட்டிய மனிதர், "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே குனிந்து துடைக்கப் பார்த்தார்.

கேப்டன் வந்தார். ஐயாவின் முழங்கையைப் பிடித்து மேசையில் உட்காரவைத்தார். பிறகு திரும்பி, "எல்லாரும் போய் உக்காருங்க. உங்களுக்கு என்ன வேணுமோ நாங்க கொண்டுவர்றோம். பிள்ளைங்களா, தாம்பாளத்த எடுங்க!" என்றார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது? வரிசை எங்க?"

"வரிசை உக்காந்துடுச்சு சார்."

"யாரக் கேட்டு?"

"பசிச்சவங்களக் கேட்டு."

கைதட்டாதீர்கள், இது இரங்கல் கூட்டம். சரி, தட்டுங்கள். அவருக்குப் பிடிக்கும்.

அதற்காக அவரைப் பின்கட்டில் கண்ணாடிக் குவளை துடைக்க அனுப்பினார்கள். விசிலடித்துக்கொண்டே துடைத்தார். கேப்டன் எங்கே, கேப்டன் எங்கே என்று வாடிக்கையாளர்கள் நச்சரித்த நச்சரிப்பில் திரும்ப அழைத்தார்கள். பஃபேயும் காலை வேளையோடு நின்றது.

அப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது? துக்கம் ஆறுவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து எல்லா வேளையும் பஃபேயாம். சுவரோரம் நிற்கும் இவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "கேப்டனே இல்ல, இனி யாரு நடத்துறது?" என்கிறார்கள். யாரா? இத்தனை பேர் நிற்கிறார்களே, கண் தெரியவில்லையா!

கொஞ்சம் திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். இந்தக் கூட்டத்துக்கு வந்த நமக்கும் உணவை அங்கேதான் அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேப்டனின் கணவர், கேப்டன் ஆண்ட கூடத்தில், தட்டேந்தி வரிசையில் நிற்கவேண்டுமா? நான் உயிரோடு இருக்கும்போதா?

கேப்டன், தட்டில் வைத்து அனுப்பினால்தான் சூடு நிற்கும், அந்தக் கட்சியை நான் இன்றும் விடவில்லை. ஆனால் முதலாளி அவர்களே, அடுப்பு என் கையில் இருக்கிறது. இனி என் சமையலறையிலிருந்து உணவு தாம்பாளத்தில்தான் வெளியே வரும். அதைத் தூக்க இவர்கள் அத்தனை பேரும் வேண்டும். இவர்களில் ஒருவரை வெளியே அனுப்பினால் அத்தனை அடுப்பும் அணையும். சமையலறையில் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

மறைந்தவருக்காக எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். எங்கள் கேப்டனுக்காக யாரும் எழுந்திருக்காதீர்கள்! முதலாளி அவர்களே, நீங்களும்தான், உட்காருங்கள். பின்சுவரில் அடுக்கிய பாத்திரங்களைத் திறந்து பாருங்கள், காலியாக இருக்கும். உணவெல்லாம் கதவுக்குப் பின்னால் தாம்பாளத்தில் இருக்கிறது.

மச்சான், கேப்டனைக் கூடப்பிறந்தவளாக நினைத்ததால் உங்களை அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் போனதிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். பிள்ளைகளே, முதல் தாம்பாளம் அவருக்கு. இடப்பக்கம் குனிந்து வையுங்கள். அவராகப் போதும் என்று சொல்லும்வரை வையுங்கள்.

கதவைத் திறங்கள்! நடங்கள், நடங்கள், நான் கத்துகிற நேரத்தில் ஆறிவிடப் போகிறது!