குப்பை பிரிப்பவரையும் கணக்கில் சேர்த்த அம்மையாருக்கு

அளவறிந்த அறிவே! அஞ்சாத அகமே! கண்ணுக்குப் புலப்படாக் கதிர்வீச்சுக்குக் கரை கட்டிய எங்கள் பிரிவுத் தலைவியே! இன்று பணிநிறைவு காணும் அம்மையீர், வணக்கம்!

கதிரியக்கம் பட்ட ஒவ்வொரு பொருளையும் காலமெல்லாம் காவல் காக்க இயலாது. எந்த அளவுக்குக் கீழே தணிந்தால் அதைச் சாதாரணக் குப்பையாக வெளியே விடலாம் என்று எவரேனும் துணிந்து சொல்லியாக வேண்டும். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். அந்த விடுவிப்பு வரம்பை வகுப்பதே நம் பிரிவின் வேலை. வரம்பு கூடினால் ஊர் பழிக்கும். குறைந்தால் மருத்துவமனை பழிக்கும். இரு பழிக்கும் நடுவே எப்பக்கமும் சாயாமல் அமர்ந்திருந்தவர் தாங்கள்!

பெரிய மருத்துவமனையின் கிடங்கு நிரம்பி வழிந்த ஆண்டை நாங்கள் எப்படி மறப்போம்? தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் வார்டில் பயன்பட்ட கையுறை, விரிப்பு, காகிதக் குவளை எதையும் வெளியே விட அன்று வரம்பே இல்லை. மூட்டை வைக்க இடமில்லாமல் வார்டு பூட்டப்பட்டது. கழுத்தில் அறுவைத் தழும்போடு நோயாளிகள் வராந்தா பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள். தலைமை மருத்துவர் நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“ஒரு நம்பர் சொல்லுங்க மேடம், நாளைக்கே வார்டத் திறந்துடறேன்” என்றவர், தாம் விரும்பிய எண்ணையும் தாமே சொன்னார். மேலிடமும் தலையசைத்தது. தங்கள் கையொப்பம் ஒன்றே பாக்கி.

“குப்பை கொட்டுற இடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் டாக்டர்” என்றீர்கள்.

எங்களில் இருவர் உடன் வந்தோம். அங்கே ஒரு பெண்மணி, வெறுங்கையால், மூட்டையை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அருகில் குந்தி அமர்ந்தீர்கள்.

“ஒரு மூட்டை எவ்வளவு நேரம்மா மடியில இருக்கும்?”

“நல்ல பிளாஸ்டிக் கெடைச்சா ரொம்ப நேரம் இருக்கும். ஏன் கேக்கறீங்க, இந்த வேலைக்கு வரப்போறீங்களா?”

“இருக்கற வேலை போச்சுன்னா வந்துடறேன்” என்று சிரித்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலிடம் தலையசைத்த எண்ணுக்குக் கையொப்பமிட மறுத்தால் போகக்கூடிய வேலைதான் அது.

மறுநாள், மருத்துவரும் வந்திருந்த வரம்புக் குழுக் கூட்டத்தில், குழுத் தலைவர் கேட்டார்: “மூட்டையப் பிரிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கே மேடம்?”

“சட்டம் இருக்கு சார். அந்தம்மா மடியில மூட்டையும் இருக்கே.”

அப்பெண்மணியின் மடியையும் மூச்சையும் கணக்கில் சேர்த்தீர்கள். மருத்துவர் கேட்டதில் பத்தில் ஒரு பங்கே வரம்பாயிற்று. அவர் கொதித்தெழுந்தார். “என் பேஷன்ட் எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க! நீங்க என்னடான்னா குப்பை பொறுக்கறவங்களுக்குக் கவலப்படறீங்க!”

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தீர்கள். “ரெண்டு பேருக்கும்தான் கவலப்படறேன். கிடங்குச் சாவியக் கொடுங்க டாக்டர்.”

கதவைத் திறந்ததும் கிடங்கு நிரம்பி வழிந்த காரணம் விளங்கியது. சில வாரங்களில் தணிந்துபோகும் அயோடின் கழிவும், ஆண்டுக்கணக்கில் தணியாத ஆய்வகக் கழிவும் ஒரே அடுக்கில் கலந்து கிடந்தன. கவச உடை பூண்டு, கருவி ஏந்தி, எங்களோடு தோளோடு தோள் நின்று மூட்டை மூட்டையாக அளந்து பிரித்தீர்கள். அயோடின் மூட்டைகளில் பெரும்பாலானவை தங்கள் கடுமையான வரம்புக்கும் கீழே எப்போதோ தணிந்திருந்தன! அவை வெளியேறின, தணியாதவை தனியறை புகுந்தன, வார்டு திறந்தது. வராந்தா பெஞ்சு காலியானதைப் பார்த்த மருத்துவர், தங்களிடம் வந்து கைகூப்பினார். அதன்பின் அவரே சூட்டிய பட்டம்தான் ‘பத்திலொன்று அம்மா’!

வரம்பே பூச்சியமாக இருக்கட்டும் என்று பொதுக்கூட்டத்தில் முழங்கியவர்களிடமும் தாங்கள் பசப்பவில்லை. “கதிரியக்கம் மண்ணுல இருக்கு, நம்ம உடம்புலயும் இருக்கு. பூச்சியம்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்” என்றீர்கள். கூச்சல் எழுந்தது, கடைசிக் கேள்வி வரை நின்று பதில் சொன்னீர்கள்.

அலகு எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியவர்கள் தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரித்தால் விழா நீளும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர் புன்னகைப்பதைப் பார்த்தால், வீட்டிலும் அதே கதைதான் போலும்! எங்களுக்காகத் தம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த அப்பெருந்தகைக்கும், அம்மாவைப் பங்கிட்டுத் தந்த மகளுக்கும் நன்றி.

அம்மையீர்! நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! மற்ற எதற்கும் உச்சவரம்பு கேட்கும் நாங்கள், தங்கள் ஆயுளுக்கு மட்டும் கேட்க மாட்டோம். இன்று எல்லா மருத்துவமனைகளிலும் தாங்கள் வகுத்த வரம்பே நடைமுறை. காலையில் குப்பை லாரி தெருவைக் கடக்கும்போது எவரும் அஞ்சி ஒதுங்குவதில்லை. ஒதுங்கத் தேவையும் இல்லை. அது யாரால் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

என்றும் தங்கள் பெருமையில் பங்குகொள்ளும்,
கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுப் பணியாளர்கள்