ஒரு கேசும் இல்லாத ஊர்

அதெல்லாம் ஒண்ணும் பயப்படாண்டாம் தம்பி, மொதல்ல உக்காருங்க. அந்தக் கீழ் கட்டில் எனக்கதுதான், சும்மா உக்காருங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூம்ல ஆளு இருக்காது, எல்லாவனும் வெளிய போயிருப்பானுவ. சாயா குடிப்பியளா? பால் தீந்து போச்சு, சுலைமானி போடுகேன்.

கிளிட்டஸ்னுதானே பேரு சொன்னிய? ஃபாதர் பூசை முடிஞ்சு சொன்னாரு. வில்பிரட், ஒரு தம்பிக்க பெஞ்சாதி நர்சு, உமக்க மக ரினி போன அதே ஊருக்கு, அதே முதியோர் இல்லத்துக்கு வேல கெடச்சுப் போகுது, நாலு வார்த்த சொல்லிக் குடும்னாரு. சுகிர்தராணியா பேரு? நல்ல பேரு. இருபதாந் தேதி பிளைட்டா? அப்பம் இன்னும் ஒம்பது நாளு கெடக்கு. லக்கேஜ்ல எடம் இருக்குமா? ஒண்ணுமில்ல, ஒரு சின்னப் பொதி குடுத்து விடணும். அரைக் கிலோ வராது. பொறவு சொல்லுகேன்.

பாதுகாப்புதானே கேட்டிய? சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கிய. இந்த அரபு ஊரு முவைலா முழுக்கத் தேடுங்க, இங்கிலாந்துல ஒரு பட்டிக்காட்டுல என்ன களவு போச்சு, எவன் எவன அடிச்சான்னு மாசாமாசம் பாக்குக ஆளு நான் ஒருத்தன் ஆக்கும். இங்க பாருங்க, போன்லயே காட்டுகேன். அங்க உள்ள போலீசு வெப்சைட்டு. ஊர்ப் பேரப் போட்டா படம் விரியும். தெருத்தெருவா வட்டம் போட்டு, எந்த மாசம் என்ன கேசுன்னு எழுதியிருப்பான். ரெண்டு மாசம் பிந்தித்தான் வரும், ஆனா ஒளிவுமறைவு கெடையாது. ஊர்ப் பேரா? எழுதுகது ஒண்ணு, வாசிக்கது ஒண்ணு தம்பி. கடைசி நாலு எழுத்த வாயிலயே எடுக்கப்படாதாம். ரினி எனக்கு ரெண்டு நாளு பாடம் எடுத்தா, நமக்கு நாக்கு வழங்கல்ல. நான் அந்த ஊருன்னுதான் சொல்லுவேன்.

ஒரு வருஷத்துல எத்தன கேசுன்னு நினைக்கிய? அஞ்சு. அஞ்சே அஞ்சு. ஒரு சைக்கிளக் காணல்ல. ஒரு கெழவி தோட்டத்துல நின்ன புல்லு வெட்டுக மிசின எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். பஸ் ஸ்டாப்புல கண்ணாடி ஒடஞ்சது. ரெண்டு பேரு குடிச்சிட்டு சட்டையப் பிடிச்சானுவ. இன்னொண்ணு என்னமோ, ஆங், குப்பத்தொட்டிக்குத் தீ வச்சது. மத்த மாசம் எல்லாம் பூஜ்யம். நம்ம குளச்சல்ல ஒரு திருநாளு கொடியேத்துக்கு இதவிடக் கூடுதல் நடக்கும்லா!

இருங்க. கதவுல யாரோ கை வச்ச மாதிரி இருந்துது. பாத்துட்டு வாறேன்.

ஒண்ணுமில்ல. ஏசிக் காத்துக்கு ஆடுது, சவம். நீங்க சாயாவக் குடிங்க.

நான் சஜ்ஜா பக்கம் ஒரு இரும்பு யார்டுல சேஃப்டி ஆக்கும். பதினெட்டு வருஷம் ஆச்சு. ஹெல்மெட்டப் போடு பாய், பெல்ட்ட மாட்டு பாய், ஜல்தி ஜல்தின்னு ஓடாதன்னு பகல் முழுக்கத் தொண்டத் தண்ணி வத்தக் கத்துகதுதான் வேல. கேட்டுக்கிட்ட பெரிய போர்டு ஒண்ணு நிக்கும். விபத்தில்லாத நாட்கள்னு நாலு பாஷையில எழுதி, கீழ நம்பர் தொங்கும். காலத்த ஆறு மணிக்கு அந்த நம்பர மாத்துகது நான்தான். ரினி போன் போட்டா, நம்பர் எத்தனைப்பான்னுதான் மொதல்ல கேப்பா. நேத்து தொள்ளாயிரத்திப் பதிமூணு. இன்னைக்கி லீவு, நாளைக்கிப் போய் ரெண்டையும் சேத்து மாத்தணும்.

என்னது, அத்தன நாளா ஒருத்தனுக்கும் அடிபடல்லியான்னு கேக்கியளா? நீங்க கொள்ளாம், வெவரமான ஆளுதான். இந்தக் கேள்விய எங்க மேனேஜரு இதுவர கேட்டதில்ல.

அடிபடாம இருக்குமா தம்பி? இரும்போடல்லா பொழப்பு. போன வருஷம் ஒரு பீகார்க்காரனுக்கு நடு விரலு கம்பிக்கு எடையில நசுங்கிப் போச்சு. எழுதினா போர்டு பூஜ்யத்துக்கு வந்துரும். அப்பம் நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டாம் நாளு, ஐநூறாம் நாளு விருந்துக்கு பிரியாணி சொல்லியாச்சு. மேனேஜரு என்னையப் பாத்தாரு, நான் அவனப் பாத்தேன். ரூம் கதவுல வச்சு நசுக்கிட்டேன்னு சொல்லுடேன்னு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். மறுநாளு ரூம்ல படுக்க விட்டா ஒரு நாளு வேல போச்சுன்னு கணக்காயிரும். அதனால கையில கட்டோட கொண்டாந்து ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்கார வச்சோம். டூட்டில இருக்கான்னு காட்டியாச்சு. எட்டு நாளு சுவரப் பாத்துட்டு இருந்தான். ஐநூறாம் நாளு எல்லாரோடயும் உக்காந்து இடது கையால பிரியாணி தின்னான். நான்தான் வெளம்பினேன். அச்சா ஹே ஸாப், நல்லாருக்குன்னு சிரிச்சான், பாவம்.

எதுக்கு இதச் சொல்ல வந்தேன்? ஆமா, ஜாக்கெட்டு. நான் யார்டுல போடுக மஞ்ச ஜாக்கெட்டு, அன்னா ஆணியில தொங்குகு பாருங்க, வெள்ளிப் பட்ட வச்சது. ரினி போன மொத மாசம் ஒரு போட்டோ அனுப்பினா. அதே ஜாக்கெட்டு, அதே பட்ட, போட்டுட்டு ஒரு வெள்ளக்காரரு நாயப் பிடிச்சிட்டு நிக்காரு. அறுவது வயசு இருக்கும். அந்த ஊர்ல ஊராளுவளே சேந்து காவல் பாக்குக ஒரு சங்கம் உண்டு. ஜன்னல் ஜன்னலா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பானுவ. இந்த ஆளு அதுல பெரிய மனுசன். சாயங்காலமானா தெருத்தெருவா ஒரு சுத்து சுத்துவாராம். ரினிக்கு அவரு தோட்டத்து ஆப்பிளு ஒரு கூட கொண்டு குடுத்தாராம். எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷம் தம்பி! அவளுக்க அம்மைகிட்ட போன் போட்டுச் சொன்னேன், ஏ பிள்ள, அங்கயும் ஒரு வில்பிரட்டு இருக்கான், நீ நிம்மதியாப் படுத்து ஒறங்குன்னு.

அஞ்சாறு மாசம் ஒரு கொறையும் இல்ல. பொறவு குளிர்காலம் வந்துது. அங்க நாலு மணிக்கே இருட்டிரும். டிசம்பர் மொத வாரம் போன் போட்டா. அப்பா, டூட்டி முடிஞ்சு வந்து கதவப் பூட்டினா, கொஞ்ச நேரத்துல யாரோ வெளிய நின்னு கைப்பிடிய அமத்திப் பாக்காவ. தட்டல்ல, கூப்பிடல்ல. மெதுவா அமத்துகாவ, விடுகாவ, போயிருகாவ. மூணு நாளா நடக்குப்பா, போலீசுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டா.

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிய? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பிய? நாமெல்லாம் இங்க வந்த அன்னைக்கே படிச்ச பாடம் ஒண்ணுதானே. போலீசு வந்தா விசா எடுத்துத் தந்த கஃபீலுக்குத் தெரியும். கஃபீலுக்குத் தெரிஞ்சா விசா கேன்சலு, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. நெசமோ பொய்யோ, அப்பிடிப் பயந்தே நம்ம காலம் போயாச்சு. அவளுக்க விசாவும் அந்த இல்லத்துக்காரன் கையிலதானே இருக்கு, அங்கயும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். மக்ளே, காத்தா இருக்கும், ஒரு மேசைய இழுத்துக் கதவுக்கு அண்ட குடு, போலீசு கீலீசுன்னு போயிராதன்னேன். அதோட விட்டிருந்தா... அதோட விடல்ல. உனக்குப் பயமா இருந்தா அந்த மஞ்ச ஜாக்கெட்டு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வையின்னேன்.

சொன்னா. அவரு வந்தாரு. கதவப் பாத்தாரு, கைப்பிடியப் பாத்தாரு. நீ ஒத்தையில இருக்கப்பட்ட பிள்ள, ஒரு ஆபத்து அவசரம்னா நான் உள்ள வரணும்லா, ஒரு சாவி எங்கிட்ட இருக்கட்டும்னு கேட்டிருக்காரு. ரினி உடனே குடுக்கல்ல தம்பி. அவ வெவரமான பிள்ள. எனக்குப் போன் போட்டா. குடுக்கவாப்பான்னு கேட்டா.

உங்க கேம்ப்ல டூப்ளிகேட் சாவி யாருகிட்ட இருக்கும்? அதேதான், கேம்ப் பாஸ்கிட்ட. எங்க யார்டு கேம்ப்ல நூத்தி இருவது ரூம், நூத்தி இருவது சாவி, நானே நம்பர் போட்டு பலகையில மாட்டி வச்சிருக்கேன். அதுல ஒரு தப்பும் தெரியல்ல எனக்கு. சேஃப்டி ஆளுகிட்ட சாவி இருந்தாத்தானே தீ கீ பிடிச்சா ஓடி வர முடியும்? குடு மக்ளே, நல்லதுதானேன்னேன். திருடன் கையில சாவியக் குடுத்த மாதிரின்னு நம்ம ஆளுவ சும்மா பேச்சுக்குச் சொல்லுவாவ. நான் பேச்சுக்குச் சொல்லல்ல தம்பி, செஞ்சேன்.

ஒரு ஞாயித்துக்கெழம. டூட்டி முடிஞ்சு வந்து, கதவப் பூட்டி, மேசைய இழுத்துப் போட மறந்து குளிக்கப் போயிருக்கா. கைப்பிடி ஒரு வாரமா சத்தம் போடல்லியே, அதனால மறந்துட்டா. வெளிய வந்து பாத்தா கதவு பூட்டினபடியே இருக்கு. அடுக்களையில அவ நாற்காலியில அந்த ஆளு இருக்கான். ஜாக்கெட்டக் கழத்தி மடிச்சு மேச மேல வச்சிருக்கான். நாய வெளிய கெட்டிப் போட்டிருக்கான்.

அதுக்கு மேல அவ சொல்லல்ல. அம்மைகிட்டயும் சொல்லல்ல. நான் கேக்கல்ல. கேக்க எனக்கு என்ன மொகம் இருக்கு?

ஆமா தம்பி. ரினி இப்பம் அங்க இல்ல. ஜனவரியில இருந்து குளச்சல்ல வீட்டுலதான் கெடக்கா. நீங்க வந்ததும் காட்டின பேப்பர்ல அட்ரசப் பாத்தேன், எட்டாம் நம்பர் வீடு, ரினி இருந்த அதே வீடு. அந்த வேல எப்பிடிக் காலியாச்சு, அந்த வீடு எப்பிடிக் காலியாச்சுன்னு நீங்க கேப்பியன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க கேக்கல்ல. நானும் மொதல்ல இருந்தே சொல்லாம பூஜ்யம் பூஜ்யம்னு படத்தக் காட்டிட்டு இருந்தேன்.

பிப்ரவரி முடிய காத்திருந்து அந்த டிசம்பர் மாசத்த எடுத்துப் பாத்தேன் தம்பி. எடுங்க, நீங்களும் பாருங்க. இன்னா அவளுக்க தெரு. ஒரு வட்டம் உண்டா? இல்ல. ஒண்ணும் நடக்கல்ல அந்த ஊர்ல. பூஜ்யம் எப்பிடி வருகுன்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா போடுக கையாக்கும் இது!

இப்பமாவது சொன்னா என்னன்னுதானே கேக்கிய? நானும் அதத்தான் கேட்டேன். ஈஸ்டர் அன்னைக்கி. நான் கூப்பிட்டா போன அம்மைகிட்ட குடுத்துட்டுப் போயிருவா, அன்னைக்கி மட்டும் வச்சிருந்தா. மக்ளே, அப்பா தப்புப் பண்ணிட்டேன், நாம அந்த ஊர் போலீசுக்கு எழுதுவோம்னேன். அவ திருப்பிக் கேட்டா. இப்பம் நம்பர் ஒடஞ்சா பரவாயில்லியாப்பான்னு. இந்த எட்டு மாசத்துல எங்கிட்ட அவ பேசின பேச்சு இவ்வளவுதான்.

எந்திரிச்சிட்டியளா? அடிக்கணும்னு தோணினா அடிச்சிட்டே போங்க தம்பி, நான் தடுக்கமாட்டேன். சுகிர்தராணிய விடுகதும் விடாததும் நீங்க ரெண்டுபேரும் பேசி முடிவு பண்ணுங்க. போனா, போன அன்னைக்கே போலீசு நம்பர் கையில இருக்கணும். கைப்பிடியில ஈ உக்காந்தாலும் போன் அடிச்சிரச் சொல்லுங்க. ரினி பேரையும் சொல்லச் சொல்லுங்க, ரினிக்க அப்பன் பேரையும் சொல்லச் சொல்லுங்க. விசா போனா மயிராச்சுன்னு வரட்டும்.

அந்தப் பொதிய மறந்திராதிய. ரினிக்கு இல்ல, சுகிர்தராணிக்குத்தான். உள்ள இருந்து போடுக தாப்பா, இரும்பு. நாலு ஸ்குரூ உண்டு, ஒரு ஸ்குரூ டிரைவரும் வச்சிருக்கேன், அவ யாருகிட்டயும் போய் கேக்காண்டாம். பெட்டிய எறக்கின ஒடனே மாட்டிரணும், மறுநாளைக்குன்னு வைக்கப்படாது. ரினி கெளம்பின அவசரத்துல அந்தச் சாவியத் திருப்பி வாங்கல்ல தம்பி. அது இன்னும் அவன்கிட்டதான் இருக்கு.