சண்முகத்தாய்க்கு ஒரு பை

— இன்னும் ஒரு அறையா தாயி? நீ சொல்லச் சொல்லக் கூடிக்கிட்டே போகுது, பாத்துக்கோ. பை தைக்கச் சொல்லுதியா, வீடு கட்டச் சொல்லுதியா?

— பைதான் அண்ணாச்சி. கேட்டுக்கிடுங்க. அடியில நனைஞ்ச துணிக்கு ஒரு பெரிய அறை. உள்ள ரப்பர் சீட்டு வச்சுத் தைக்கணும். ஈரம் ஒரு சொட்டு மேல ஏறப்படாது. வாடையும் வெளிய வரப்படாது.

— நானும் இந்த விருதுநகர் பஜார்ல எம்புட்டோ காலமா மிசின் மிதிக்கேன். மல்லி யாவாரிக்கு வசூல் பை தைச்சிருக்கேன், சிவகாசி ஏஜெண்டுமாருக்கு லேபில் பை தைச்சிருக்கேன். கோட்டைச்சாமி கடைக்கு வந்து மூத்திரத் துணிக்குன்னு அறை கேட்ட மொத ஆளு நீதான். ஒரு மஞ்சப் பையில சுருட்டித் திணிச்சா ஆகாதா?

— அப்படித் திணிச்சதுலதான் இந்தக் கெதிக்கு ஆளானேன். அந்தா, கொக்கியில லேபில் பை ஒண்ணு தொங்குதுல்ல, அத எடுங்க.

— இதுவா? இது ஒரு பட்டன் பிஞ்சு வந்தது.

— தொறந்து பாருங்க. தீப்பெட்டி லேபிலுக்கு ஒரு அறை, வெடிக்கட்டுல ஒட்டுறதுக்கு ஒரு அறை, காலண்டர் மாதிரிக்கு ஒரு அறை. கல்கத்தா வரைக்கும் ரயில்ல கொண்டு போனாலும் ஒரு காயிதம் மடங்காது. எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு ஆணியில கெடந்துச்சு. அதத் தொடச்சு வைக்கிறது என் வேலை. ஒங்க கைவேலைன்னு சொல்லக் கேட்டிருக்கேன். அதான் ஆமத்தூர்ல இருந்து பஸ் ஏறி ஒங்களத் தேடி வந்தேன். காயிதத்துக்கு அம்புட்டுப் பக்குவம் பாத்த கை, பிள்ளைக்கு ஒண்ணு தைக்காதா?

— தைக்காம என்ன. இடுப்புல பிள்ளையோட நிக்காத, இந்த முக்காலியில உக்காரு. வரிசையாச் சொல்லு.

— வலது பக்கம் காஞ்ச துணி. பளய வேட்டியக் கிளிச்சு ஓரம் அடிச்சு வச்சிருக்கேன். அடுக்கா நிக்கணும், ஒண்ண உருவுனா மத்தது சரியப்படாது. இடது பக்கம் பால் புட்டி. கண்ணாடிப் புட்டி, அதனால சுத்திப் பஞ்சு வச்சுத் தைங்க. அத ஒட்டி வெந்நீர் பிளாஸ்க்கு. முன்னால சின்னச் சின்னதா கிரைப் வாட்டருக்கு, வசம்புக்கு, பவுடர் டப்பாவுக்கு. பின்னால தொட்டில் சீல வைக்கிற அளவுக்கு ஒரு பட்டையான அறை.

— பெத்தவ கூட இருக்கையில புட்டி எதுக்கு தாயி?

— பால் மறக்கடிச்சாச்சு. வேப்பெண்ணெயத் தடவி. ரெண்டு மூணு நாளு கதறுனா, பெறகு புட்டிக்கு வந்துட்டா. கேப்பக்கூளும் குடிக்கா.

— இன்னும் ஒரு வயசு ஆன மாதிரி தெரியலையே. அதுக்குள்ள என்ன அவசரம்?

— நான் போற எடத்துல ஊரு சனம் பூரா இருக்கும். அங்கன வச்சு மாராப்ப வெலக்க முடியாது.

— அதுவும் சரிதான்.

— அறைக்கு அறை வாயில வேற வேற கலர்ல பட்டி வைங்க. ஈரத்துணிக்குச் செவப்பு, காஞ்சதுக்கு வெள்ளை, பாலுக்கு நீலம், மருந்துக்குப் பச்சை.

— இது எதுக்கு? ஒம்பிள்ளைக்கு எது எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? கண்ணக் கட்டி விட்டாலும் எடுப்பியே.

— எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு எதுக்குத் தெரியணும்?

— யாரு கையில குடுத்தாலும் தெரியணும் அண்ணாச்சி. தெரிஞ்சாத்தான் அது பை. இல்லாட்டி மூடைதான. ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?

— அஞ்சு. அஞ்சையும் வளத்தது எம் பொண்டாட்டி. நான் தூக்குனதெல்லாம் அதுக நடக்க ஆரம்பிச்ச பெறகுதான், பாத்துக்கோ.

— அப்ப நீங்கதான் சரியான ஆளு. இந்தாங்க, இவளப் பிடிங்க. லேபில் பையில வலது பக்கம் ஒரு துணிய வச்சு பட்டனப் போட்டிருக்கேன். ஒத்தக் கையால எடுங்க. குனிஞ்சு பாக்கப்படாது.

— ஏ தாயி, நெளியுது. விளுந்துறப் போகுது.

— விளமாட்டா. மாரோட அணைச்சுக்கிடுங்க. எடுங்க துணிய.

— பட்டன் களட்ட வரல. ஒத்தக் கையால எப்படிக் களட்டுறது? அட, நனைச்சிட்டா. வேட்டி பூரா நனைச்சிட்டா. அளுவுறா பாரு, வாங்கிக்கோ.

— கொஞ்சம் இருங்க. எம்புட்டு நேரம் தாங்குதீகன்னு பாக்கணும்.

— நளுவுறா தாயி, வந்து பிடி.

— சரி, குடுங்க. பட்டன் ஆகாது, பாத்தீகளா. வாய் தொறந்தே இருக்கட்டும், மேல ஒரு மடிப்பு வந்து விளுந்தாப் போதும்.

— மடிப்போட ஓரத்துல ஒரு ஈயக்குண்டு வச்சு அடிச்சுட்டா தானாக் கவுந்துக்கிடும். கைய நொளைச்சாத் தொறக்கும், எடுத்தா மூடும். எப்படி?

— நல்ல ரோசனை. அப்படியே வைங்க.

— வேட்டியப் பளி வாங்குன இந்த மகராசிக்கு அப்பன் என்ன பண்ணுதாரு?

— திருத்தங்கல்ல லேபில் பிரஸ். வெள்ளைத்துரைன்னு சொன்னா ஒங்களுக்குத் தெரியும். நான் அவுக சம்சாரம், சுப்புலட்சுமி. என்ன அண்ணாச்சி, கத்திரியக் கீள வச்சிட்டீக?

— இந்த லேபில் பை அவரு கம்பெனிப் பைதான்.

— தெரியும். முன்னால பேரு போட்டிருக்கே.

— அதில்ல தாயி. போன மாசம் அவரே வந்துதான் இதக் குடுத்துட்டுப் போனாரு. ரெண்டாங் கல்யாணம்னு பஜார்ல பேசிக்கிட்டாக, வீட்டுல என்ன ஆச்சுன்னு கேட்டேன். பிரசவத்தோட பொண்டாட்டிக்குப் புத்தி பெரண்டு போச்சு, ஆமத்தூர்ல தாய் வீட்டுல கட்டிப் போட்டிருக்காகன்னாரு.

— அது எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காக.

— பிள்ளை என்ன ஆச்சுன்னும் கேட்டேன்.

— என்ன சொன்னாக?

— அது வேண்டாம் தாயி. விடு.

— சொல்லுங்க அண்ணாச்சி. நான் கட்டிப் போட்ட பைத்தியம் இல்லைன்னு ஒங்க கண்ணால பாக்குதீகல்ல. சொல்லுங்க.

— தவறிப் போச்சுன்னாரு. பொறந்த ஒடனேயே. நானும் நெசம்னு நம்பித் துக்கம் விசாரிச்சேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. மனசு கேக்காம ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன். தண்ணி தரட்டுமா?

— வேண்டாம். பொண்ணு வீட்டுலயும் அதத்தான் சொல்லியிருப்பாக.

— வேற என்னத்தச் சொல்லுவாரு? அது சிவகாசியில பெரிய வெடிக் கம்பெனிக்காரரு வீடு. பிள்ளை ஒண்ணு இருக்குன்னா மக லட்சுமிகாந்தத்தக் குடுப்பாகளா?

— அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

— என்ன குத்தம் சொல்லி ஒன்ன அனுப்புனாரு?

— இவளுக்கு அஞ்சு மாசம் இருக்கையில முடியெறக்க இருக்கன்குடிக்குப் போனோம். கார்ல அவுக, அத்தை, நான். பிள்ளைச் சாமான் எல்லாத்தையும் ஒரே மஞ்சப் பையில அமுக்கிக் கொண்டு போயிருந்தேன். வளியில எண்ணெய்ப் புட்டி சாஞ்சு துணி பூரா எண்ணெயாப் போச்சு. கோயில் வாசல்ல எறங்கவும் இவளுக்கு வயித்தால போகுது. மாத்த ஒரு துணி இல்ல. ஆத்துல போய் ஒண்ணு அலசிட்டு வாறேன், செத்த நேரம் இவளப் பிடிங்கன்னு அவுககிட்ட நீட்டுனேன். நான் என்ன ஆயாவான்னு கேட்டாக. அத்தன சனம் பாக்குதேன்னு அவுக பின்னால தள்ளிப் போக, நான் முன்னால நீட்ட, இவ காலு அவுக பட்டுச் சட்டையில பட்டுருச்சு.

— அடிச்சாரா?

— கன்னத்துல. பிள்ளை என் கையில இருக்கையிலயே. நாலு துணி எடுத்துட்டு வரத் துப்பில்லாத மூதேவின்னாக. பிள்ளை வளக்குறது என்ன பெரிய கம்பசூத்திரமான்னு கேட்டாக. வெளையாட்டுச் சாமான் விக்கிறவன்கூடக் கண்ணத் திருப்பிக்கிட்டான், அத்தை சிரிச்சுக்கிட்டு நின்னாக. முடியெறக்கல. திரும்புற வளியில ஆமத்தூர் வெலக்குல காரை நிப்பாட்டி எங்க ரெண்டு பேரையும் எறக்கி விட்டுட்டுப் போயிட்டாக. இன்னைக்கு வரைக்கும் இவ அவுக கையில ஏறல.

— ஒங்க அய்யா பஞ்சாயத்து வைக்கலையா?

— வச்சாரு. பெரியாளுக உக்காந்து, ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும், நீ போய் அத்தை காலுல விளுந்துருன்னாக. மாட்டேன்னுட்டேன். அதுல இருந்து எங்க அய்யாவும் என்கூடப் பேசுறதில்ல.

— ஒருத்தி இருக்க இன்னொருத்தியக் கட்டப்படாதுன்னு சட்டமே வந்துருச்சே. கோர்ட்டுக்குப் போ தாயி.

— கோர்ட்டுல வக்கீலுதான் பேசுவாரு. அவுக வெத்தல போட்டுக்கிட்டு வெளிய நிப்பாக. எனக்கு அது பத்தாது. அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் எப்படி நின்னேனோ அப்படி அவுக நிக்கணும். எந்தப் பக்கம் திரும்புனாலும் கண்ணு இருக்கணும். தையில முகூர்த்தம், சிவகாசியில மண்டபம். அவுக மணையில உக்காந்து மாலை மாத்தப் போகையில நான் நடுவுல நேரா நடந்து போவேன்.

— இப்பப் புரியுது. செத்துப் போச்சுன்னு சொன்ன பிள்ளையோட போய் முன்வரிசையில உக்காருவ. அசைய மாட்ட. சாயங்காலம் வரைக்கும் உக்காரணும்னாலும் இந்தப் பை இருந்தா எவன்கிட்டயும் ஒரு சொட்டுத் தண்ணி கேக்க வேண்டாம்.

— ஒரு நாளைக்கு வேண்டியது பூராவும் அதுல இருக்கும் அண்ணாச்சி.

— ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிடுறதுல இந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அத்தன மேளச் சத்தத்துக்கு நடுவுல அதக் கொண்டு போய் நிறுத்தணுமா?

— எனக்குத் தெரியாமயா இருக்கு? அதனாலதான் இம்புட்டு அறை கேக்கேன். யாரு பளி யாரத் தின்னாலும் இவளுக்கு ஒண்ணும் கொறையப்படாது.

— இன்னொண்ணும் இருக்கு. என் பொளப்புல பாதி அவரு கம்பெனி ஆர்டர். இந்தத் தையலப் பாத்த ஒடனே என் கைன்னு கண்டுபிடிச்சிருவாரு.

— அப்ப வேண்டாம் அண்ணாச்சி. நானே கையூசியால தைச்சுக்கிடுதேன். கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது.

— இரு, பிள்ளையத் தூக்காத. உக்காரு. நான் துக்கம் கேட்ட பிள்ளை இங்கன இருந்து என் வேட்டிய நனைச்சிருக்கு. அந்த ஆளுக்கு வாங்கிக் குடுத்த டீ இப்ப என் தொண்டையில நிக்குது. இனி நான் அவருக்கு எதத் தைச்சா என்ன, தைக்காட்டி என்ன. காக்கி கேன்வாஸ் நல்ல கெட்டியா ஒரு துண்டு வச்சிருக்கேன். இளுத்தாலும் கிளியாது.

— அப்ப முன்னால பேரு போடணும். லேபில் பையில கம்பெனிப் பேரு போட்டிருக்கீகள்ல, தூரத்துல இருந்து வாசிக்கிற மாதிரி. அதே எடத்துல, அதே அளவு எளுத்து. செவப்பு நூலு.

— என்னன்னு போட?

— வெள்ளைத்துரை மகள் சண்முகத்தாய்.

— சண்முகத்தாயா? அது அவரு ஆத்தா பேருல்ல?

— அப்பனப் பெத்தவ பேரத்தான மூத்த பொம்பளப் பிள்ளைக்கு வைக்கணும். நான் முறை தவற மாட்டேன் அண்ணாச்சி. அத்தை தன் பேரத் தன் வாயால சொல்லிச் சொல்லி இவளக் கூப்பிடட்டும்.

— நீ லேசுப்பட்ட ஆளு இல்ல தாயி. சரி, எல்லா அறையும் ஆச்சா?

— இன்னும் ஒண்ணே ஒண்ணு. உள்பக்கமா, கைக்கு எட்டுற மாதிரி ஒரு சின்ன அறை. அதுக்குப் பட்டி வேண்டாம், கலரும் வேண்டாம். என் பளய சீலையில ஒரு துண்டு வைக்கிறதுக்கு.

— அது எதுக்கு?

— அந்த வாடை இல்லாட்டித் தூங்க மாட்டா.

— சரி, வச்சிருதேன். இனி தோள்வாரு ஒண்ணுதான் பாக்கி. எந்திரி, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் அளவெடுக்கணும். நீ குட்டையா இருக்க, வாரு நீளமாப் போனா நடக்கையில பை மொளங்காலுல இடிக்கும்.

— எனக்கு எதுக்கு அண்ணாச்சி? மணையில இவள அவுக மடியில வச்சு, பைய அவுக தோள்ல மாட்டிட்டு, நான் வெறுங்கையோட பஸ் ஏறிருவேன். அவுக ஒங்க உசரந்தான், ஒங்க தோளுக்கு அளவெடுங்க.