நான்கு நிமிடம் துடித்த இதயம்

வெண்கட்டியால் வியப்பை வரைந்தவரே! வினா எழுப்பும் பிள்ளையை ஒருநாளும் விரட்டாத விஞ்ஞான விளக்கே! முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட மணியடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தறியாத நேரம் தவறா நெஞ்சினரே! இன்று பணி நிறைவு பெறும் பட்டதாரி அறிவியல் ஆசிரியை திருமதி கிருஷ்ணவேணி அம்மையாரே! வணக்கம்.

வாழ்த்துமடலென்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டோம். இனி வழக்கப்படி உங்கள் முகம் பார்த்து, நிலவென்றும் நதியென்றும் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். உங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களான எங்களால் முடியவில்லை, அம்மா. உங்கள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் யோக்கியதை எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே அவையில் வீற்றிருக்கும் பெற்றோர்களே, பெரியோர்களே, அவரது கதையை உங்களிடம் சொல்கிறோம். சொல்லி முடித்தபின் துணிச்சல் மிச்சமிருந்தால் அவர் பக்கம் திரும்புகிறோம்.

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகும் காலைப் பேருந்தில், மடியில் கட்டைப்பையோடு அமர்ந்திருக்கும் அந்த அம்மாவை இந்த வழித்தடத்து நடத்துனர்கள் எல்லோரும் அறிவார்கள். பையில் என்ன இருக்கும்? ஊறவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். ஊசி போடும் குழல் இரண்டு, ஒரு ரப்பர் குழாய், டார்ச் லைட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். மல்லாட்டையைப் பிளந்து, பருப்புக்கிடையில் உறங்கும் முளையைக் காட்டுவார். இரண்டு ஊசிக்குழலையும் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எழும்புவதைக் காட்டி, பேருந்து எப்படி பிரேக் பிடிக்கிறது என்பதைப் பின்பெஞ்சுப் பிள்ளைக்கும் புரியவைப்பார்.

அதனால் அவரைப் பழைய காலத்து ஆள் என்று எவரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம்! கண்ணாடித் தாளில் படம் வரைந்து சுவரில் ஒளியாய் விழச்செய்யும் கருவி வந்தபோது, இந்த ஒன்றியத்திலேயே முதலில் அதைக் கையாண்டவர் அவர். தொலைக்காட்சிப் பெட்டியில் குறுந்தகட்டுப் பாடம் ஓட்டியவர் அவர். கொரோனாக் காலத்தில், இணையம் எட்டாத வீட்டுப் பிள்ளைகளைச் சாதாரண போனில் ஐந்தைந்து பேராக ஒரே அழைப்பில் சேர்த்து, தொண்டை கட்டும்வரை பாடம் சொன்னவரும் அவரே. எந்தக் கருவி வந்தாலும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். "சரி, இது எம் புள்ளைங்களுக்கு இன்னா பண்ணும்?" என்று கேட்பார். பதில் கிடைக்கும்வரை அதை விடமாட்டார்.

அப்படிப்பட்டவர் இருந்த பள்ளிக்குத்தான் இரண்டாண்டுகளுக்கு முன் அந்தத் திறன்பலகை, ஸ்மார்ட் போர்டு, வந்து சேர்ந்தது. ஆளுயரத் திரை, தொட்டால் ஓடும், தொட்டால் நிற்கும். ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம், அறையைப் பூட்டினோம். சாவி தலைமையாசிரியர் திரு. புகழேந்தி அவர்களின் வண்டிச் சாவிக்கொத்தில் போய்ச் சேர்ந்தது. மேடையில் இருப்பவரை மடலில் இழுக்கலாமா என்று யாரேனும் முணுமுணுக்கலாம். இழுக்கத்தான் போகிறோம். எங்களையும் சேர்த்தே இழுக்கப் போகிறோம்.

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் கிருஷ்ணவேணி அம்மையார் இதயப் பாடம் நடத்தினார். சிவப்பிலும் நீலத்திலும் சுண்ணக்கட்டியால் நான்கு அறையும் நான்கு வாயிலும் வரைந்தார். படம் அத்தனை அழகு! முன்வரிசையில் இருந்த அஸ்வினி கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது ஆடாம நிக்குதே. நம்மளது ஆடிக்கினே கீதே மிஸ்?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. மல்லாட்டையாலும் ஊசிக்குழலாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாதென்று அவருக்குத் தெரியும். பதில் மூன்று கதவு தள்ளி, பூட்டிய அறைக்குள் இருந்தது. நேரே தலைமையாசிரியரிடம் போய்ச் சாவி கேட்டார்.

"டீச்சர், அதுங்க கை வெச்சா ஒடைஞ்சி பூடும். அப்புறம் ஆடிட்டுல என்னத்தான் நிக்க வெப்பாங்க. நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் அது புதுசாவே இருக்கட்டுங்க."

"சார், நீங்க ரிட்டயர் ஆவறதுக்குள்ள மூணு பேட்ச் பசங்க வெளிய போய்டுவாங்க."

"பேஜாரு பண்ணாதீங்க டீச்சர்."

அவர் பதினொரு முறை கேட்டார். பதினொரு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அதே காலத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? வெள்ளிக்கிழமைதோறும் மாலையில், டீயும் போண்டாவுமாக அலுவலகத்தில் கூடி, திறன்பலகைப் பயன்பாட்டுப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தோம்! ஒருவர் பாடத் தலைப்பைச் சொல்ல, மற்றவர் எழுத, வரிசையாகக் கையெழுத்து. தொட்டறியாத பலகையில் வாரத்துக்கு இரண்டு பாடம், மூன்று பாடம் நடத்தியதாக எழுதினோம். வெட்கமாவது, மண்ணாவது! அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு வரிசை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது கிருஷ்ணவேணி அம்மையாருடைய வரிசை. "நடத்தாத பாடத்துக்கு எப்படிங்க கையெழுத்து போடறது?" என்று கேட்டுவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறை விடும் நாளில் அறையைத் திறந்தோம். பாடம் நடத்தத் திறக்காத கதவு, பொட்டு வைக்கத் திறந்தது! பலகையின் நான்கு மூலைக்கும் குழைத்த சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு மறுபடியும் பூட்டினோம். சந்தனம் அப்பிய கைகள் எங்களுடையவை.

இரண்டு வாரம் கழித்து விழுப்புரத்திலிருந்து கல்வி அலுவலர் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பலகையை உயிர்ப்பித்து விரல் வைத்தார். திரையில் அம்புக்குறி அவர் விரலுக்கு வராமல் இடது மூலைக்கே ஓடி ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. "டெய்லி இதுல கிளாஸ் எடுக்கிறவங்க யாருங்க? வந்து சரி பண்ணுங்க" என்றார். பதிவேட்டில் நூறு பாடம் நடத்திய நாங்கள் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தலைமையாசிரியர் வாய் திறந்தார். "கிருஷ்ணவேணி டீச்சர்தாங்க சாவி சாவின்னு கேட்டுக்கினே இருந்தாங்க. அவங்க கை பட்டுத்தான் கெட்டிருக்கும்."

எங்களில் ஒருவர், ஒரே ஒருவர், "இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊமைகளாக நின்றோம்.

அம்மையார் நேரே பலகையின் அருகே போய்ச் சட்டத்தை ஓரமாக விரலால் தடவிப் பார்த்தார். மூலையில் காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தில் விரல் நின்றது. அந்தச் சட்டத்தின் ஓரமாகத்தான் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. விரல் எங்கே தொடுகிறது என்பதை அந்த ஒளி மறிபடுவதை வைத்துத்தான் பலகை அறிகிறது. சந்தனம் ஒளியை மறித்ததால், யாரோ ஓயாமல் விரல் வைத்திருப்பதாகப் பலகை எண்ணிக்கொண்டிருந்தது. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நான்கு மூலையையும் துடைத்தார். அம்புக்குறி அவர் விரலுக்குப் பணிந்து வந்தது.

அலுவலர் நிற்கும்போதே, அஸ்வினி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் பக்கம் திரும்பினார். "அஸ்வினி, பத்து பி-யை ஜல்தியா கூட்டினு வாம்மா!"

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். திரையில் இதயம் துடித்தது. வாயில் திறந்தது, மூடியது. நீலம் நுழைந்தது, சிவப்பு பாய்ந்தது. "மிஸ், ஆடுது மிஸ்!" என்று அஸ்வினி கத்தினாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தத்தம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். நான்கு நிமிடம் நடந்தது அந்தப் பாடம். அலுவலருக்குப் போன் வர, அவர் புறப்பட்டார். "போதும் டீச்சர்" என்று தலைமையாசிரியர் விசையை அணைத்தார். அறையைப் பூட்டினார்.

ஐந்தாம் நாள், அலுவலர் கேட்டாரென்று தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். வெறும் வரிசை ஒன்று கண்ணில் பட்டது. உடனே அவர் கையெழுத்தோடு ஒரு குறிப்பாணை, அதாவது மெமோ: "கற்பித்தலில் நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தாமை குறித்து விளக்கம் கோருதல்." யாருக்கு? இந்தப் பள்ளியில் அந்தப் பலகையில் பாடம் நடத்திய ஒரே ஆளுக்கு! எங்களுக்கோ பாராட்டுச் சான்றிதழ்.

கொடுத்த கையோடு தலைமையாசிரியர் ஒரு வழியும் சொன்னார். "பழைய தேதி போட்டு இந்தக் கட்டத்துல எல்லாம் கையெழுத்து போட்டுடுங்க டீச்சர். மெமோவ நானே கிழிச்சி போட்டுடறேன். எல்லாரும் போட்டாங்கதானே?"

"நான் அந்த ரூம்ல நாலு நிமிஷம் பாடம் நடத்தினேன் சார். அதுக்குக் கட்டம் இருக்குதா பாருங்க, போடறேன்" என்றார் அம்மையார்.

அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் கணித ஆசிரியை ரசியா பேகத்திடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "முப்பத்தோரு வருசமா பொய்யா எதையும் சொல்லிக் குடுக்கல ரசியா. கடைசில, பொய் எழுதலன்னு ஒரு மெமோ." கல்வியாண்டு முடியும்வரை தொடரச் சொல்லும் மறுநியமனத்தையும் வேண்டாமென்று மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவரை விடுவிக்கும் ஆணை கையெழுத்தாகும். அதற்கு முன் தலைமையாசிரியர் கையெழுத்திட்டு ரத்து செய்யாவிட்டால், அந்தக் குறிப்பாணை அவரது பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறிவிடும். முப்பத்தொரு ஆண்டு உழைப்புக்கு முத்தாய்ப்பாக ஒரு பழி! அதற்கு மேலே நாங்கள் சால்வை போர்த்தி, சந்தன மாலை சூட்டி, புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டுமாம். மாட்டோம்.

அம்மா, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறோம்.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். நாங்கள் ஊமையாய் நின்றோம். கோபமெல்லாம் பிறர்மேல் என்று யாரும் எண்ண வேண்டாம்; பாதிக்கு மேல் எங்கள்மேல்தான். திங்கட்கிழமை முதல் அந்த அறையைப் பூட்ட விடமாட்டோம். மல்லாட்டையில் காட்ட முடிந்ததை மல்லாட்டையிலும், திரையில்தான் காட்ட முடியும் என்பதைத் திரையிலும் காட்டுவோம். உடைந்தால் உடைந்தது என்று நாங்களே எழுதிக் கையெழுத்திடுவோம்.

நூறாண்டு நலமோடு நீங்கள் வாழ வேண்டும். மூட்டுவலி அண்டாத கால்களோடும், மங்காத கண்களோடும், யாருக்கும் அஞ்சாத அந்தக் குரலோடும் வாழ வேண்டும். அஸ்வினியின் பிள்ளைகள் கேட்கப் போகும் கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். இந்த மடலைச் சட்டமிட்டு அந்த அறையின் வாசலிலேயே மாட்டப் போகிறோம். இது வாழ்த்துமாகும், எங்கள் வாக்குமூலமுமாகும். கீழே நாங்கள் இடுவது உண்மைக் கையெழுத்து.

ரசியா பேகம், கணிதம். பதிவேட்டில் 112 பாடவேளை. உண்மையில் ஒன்றுமில்லை.

ஆரோக்கியராஜ், சமூக அறிவியல். பதிவேட்டில் 97 பாடவேளை. உண்மையில் ஒன்றுமில்லை.

வெண்ணிலா, தமிழ். பதிவேட்டில் 104 பாடவேளை. உண்மையில் ஒன்றுமில்லை.

செல்வகுமார், ஆங்கிலம். பதிவேட்டில் 120 பாடவேளை. உண்மையில் ஒன்றுமில்லை.

கிருஷ்ணவேணி, அறிவியல். பதிவேட்டில் ஒன்றுமில்லை. உண்மையில் நான்கு நிமிடம்.

தலைமையாசிரியர் திரு. புகழேந்தி அவர்களுக்கு இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். குறிப்பாணை மேசைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மணி நாலரை ஆகிறது, சார்.