ஏரிக்கு இரண்டு பேர் வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் நீர்த்தரக் குழுவின் தலைவர் அவர்களே, அரங்கம் தந்த நூலகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த கண்டக்டர் அக்காவின் தம்பியே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நிற்க இடமில்லாத அளவுக்குக் கூடியிருக்கிறோம்! கண்டக்டர் அக்கா பார்த்திருந்தால், "உள்ள தள்ளிப் போங்க" என்று விரட்டியிருப்பார். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு தவறாமல் அவர் ஏரியில் படகேறினாரே, அப்போது நாமெல்லாம் எங்கே போயிருந்தோம்? கரையிலிருந்து கையசைத்தோம். அவ்வளவுதான்.

பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சம்பளமில்லாமல் ஏரியில் வேலைக்குச் சேர்ந்தார். துடுப்புப் போட நான். அவரை நான் அக்கா என்பேன், என்னை அவர் அண்ணே என்பார். வயதில் யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அன்றைக்கு ஏரியின் தெளிவு. அந்த அளவை என்னிடம் சொல்லவே மாட்டார்! "இப்ப நீங்க பாருங்கண்ணே" என்று கயிற்றைக் கையில் கொடுப்பார். இருவர் பார்த்ததும் ஒத்துப்போனால்தான் எழுதுவார்.

ஒருநாள் நல்ல காற்று. இரண்டு அளவும் ஒத்துப்போயின. தண்ணீர் என்றுமில்லாத தெளிவு!

"கரைக்குப் போலாம்க்கா, கை கழண்டு விழுது" என்றேன்.

"கயிறு சாஞ்சிருக்குண்ணே. இது ஏரியோட தெளிவு இல்ல, காத்து குடுத்தது. மறுபடி இறக்குவோம்."

காற்று அடங்கும்வரை என்னை நடு ஏரியில் உட்காரவைத்தார். உண்மை அளவு குறைவாகத்தான் வந்தது. ஏரி தேறிவிட்டது என்று சொல்லிப் பெயர் வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்றாரே, அந்த மனதை இனி எங்கே போய்த் தேடுவது?

மருத்துவமனையில் அவர் கேட்டது ஒன்றுதான். "இந்த வாரம் பாத்தீங்களா?"

"துணைக்கு ஆள் வரலக்கா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாராவது வருவாங்க" என்றார்.

யாரும் வரவில்லை. போன ஞாயிறு, கரையில் கட்டிய படகில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேச ஆளில்லாமல் துடுப்போடு பேசினேன். இந்த மாதமும் அளவு வராவிட்டால் நம் ஏரியைக் குழுவின் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்று தலைவர் சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை.

"அவர் பணியைத் தொடர்வோம்" என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட பேச்சை முடிப்பார்கள். என்னால் முடியாது. நான் ஒருவன் பார்த்தால் அது அளவே இல்லை. ஆகவே, மௌன அஞ்சலிக்கு எழுவதற்கு முன்னால் உங்களில் ஒருவர் கையைத் தூக்குங்கள். அதுவரை நான் இந்த மைக்கை விடப்போவதில்லை.