தராசுச் சீட்டு

“பிளாக் ஹோலுக்கு உள்ள இருக்கத வெளிய இருந்தே கணக்குப் போட்டுருவியளாக்கும்?” என்று மகளிடம் கேட்டார் முன் இருக்கையில் இருந்தவர். மில்லர்புரம் பஸ்ஸில் அதன்பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“ஆமாப்பா. கிராவிட்டிய வச்சு உள்ளுக்கு ஒரு கணக்கு. கிராவிட்டியே இல்லாம வெளிப்புறத்துக்கு இன்னொரு கணக்கு, அத கம்ப்யூட்டர் போடுது. ரெண்டும் ஒண்ணுதானான்னு சோதிக்கோம்.”

“நானும் ஹார்பர்ல அதத்தான செய்யுதேன். கப்பல் எவ்வளவு முங்கிருக்குன்னு வெளிய பாத்து, உள்ள கெடக்க நிலக்கரி எடையச் சொல்லுதேன். கரையில தராசுல தனியா நிறுக்கான். ஒங்களுக்கு ஒத்து வருதா?”

“நல்லாவே ஒத்து வருதுப்பா.”

அவர் மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“கம்ப்யூட்டர்ல போடுதவனுக்கு, வரவேண்டிய விடை முன்னாலயே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏளா, கரையில நிறுத்த தராசுச் சீட்டு கண்ணுல பட்டுட்டா என் கணக்கும் அதுக்கே சாஞ்சிரும். அன்னைக்கு நான் கப்பல் பக்கமே போகமாட்டேன்.”